பெரியவர் கையில் ஒரு பம்பரம்

பெரியவர் ஒருவர் விளையாட்டுப் பொருளைக் கையில் எடுத்தால், ஊரும் உறவும் அதற்கு இரண்டே காரணங்களை ஏற்றுக்கொள்ளும். ஒன்று, வீட்டில் குழந்தை இருக்க வேண்டும். மற்றொன்று, பழைய நினைவு வந்திருக்க வேண்டும். பம்பரத்தைப் பற்றி எழுதுகிறவர்களும் பெரும்பாலும் இரண்டாவது காரணத்தைப் பிடித்துக்கொண்டு, தெருவும் புழுதியும் கோடை விடுமுறையும் போயிற்றே என்று ஏங்குவதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். எனக்கு அந்த ஏக்கம் இல்லை. நாற்பதைக் கடந்த பிறகு மறுபடியும் பம்பரம் விடத் தொடங்கியவன் என்ற முறையில் நான் சொல்ல விரும்புவது வேறு. இத்தகைய எளிய பொருள்கள் சிறுவர்களுக்குக் கொடுப்பதைவிடப் பெரியவர்களுக்குக் கூடுதலாகக் கொடுக்கின்றன. பத்துப் பன்னிரண்டு வயதிலேயே அவற்றைக் கைவிட்டுவிடுவதால், அவற்றின் சிறந்த பகுதியைப் பெரும்பாலோர் பார்க்காமலே போய்விடுகிறார்கள்.

நாங்கள் சிறுவயதில் ஆடிய ஆட்டத்தை எண்ணிப் பார்த்தால் இது விளங்கும். தரையில் வட்டம் போட்டு, எல்லாரும் ஒரே நேரத்தில் பம்பரத்தை இறக்கி, சுழல்கிற பம்பரத்தைச் சாட்டையால் வளைத்து மேலே சுண்டிக் கையில் பிடிக்க வேண்டும். அதற்கு அபீட் எடுப்பது என்று பெயர். கடைசியாக அபீட் எடுத்தவனுடைய பம்பரம் வட்டத்துக்குள் போகும்; மற்றவர்கள் தங்கள் பம்பரத்தின் ஆணி அதன்மேல் இறங்கும்படி ஓங்கிக் குத்துவார்கள். ஆக்கர் எனப்படும் ஆணிக்குத்து விழுந்து விழுந்து சில பம்பரங்கள் அம்மைத் தழும்பு கண்ட முகம்போல் ஆகியிருக்கும். சில இரண்டாகப் பிளந்தும் போகும். இந்த ஆட்டத்தில் வேகமே எல்லாம் என்பதால், தரையைத் தொட்ட மறுகணமே பம்பரத்தைத் தூக்கிவிடுவோம். ஒரு பம்பரம் தானாகச் சுழன்று, நிலைத்து, தள்ளாடி, விழுவதை முழுமையாகப் பார்த்ததாக எனக்கு நினைவே இல்லை. எங்கள் கையில் அது ஓர் ஆயுதமாகத்தான் இருந்தது.

இப்போது என் பம்பரத்தைக் குத்த ஆள் கிடையாது. திருவிழாக் கடையொன்றில் வாங்கியது. கடைசல் மரம், அரக்குச் சாயம், அடியில் இரும்பாணி. கடைக்காரர் வழக்கம்போல் “பையனுக்கா சார்?” என்று கேட்டார். நான் தலையை ஆட்டிவிட்டு வந்தேன், அது பொய்தான். பையனுக்கு அதில் ஆர்வம் இல்லை. பெரியவர்கள் விளையாடுவதில் முதல் தடை வெட்கம் என்பதை அந்தத் தலையாட்டலிலேயே புரிந்துகொள்ளலாம்.

பம்பரம் விடுவதை விளையாட்டு என்பதைவிட ஒரு கைத்தொழில் என்றே சொல்லத் தோன்றுகிறது. சாட்டையின் ஒரு முனையை ஆணியின் கழுத்தில் பிடித்து, அங்கிருந்து வயிற்றுப் பகுதி வரை ஒரு சுற்றின்மேல் இன்னொரு சுற்று ஏறாமல், இடைவெளியும் விடாமல், இறுக்கமாகச் சுற்றிக்கொண்டு வர வேண்டும். மற்ற முனையிலுள்ள முடிச்சை விரல்களுக்கிடையில் கொடுத்துப் பம்பரத்தை வீசும்போது, கை முன்னே போவதும் மணிக்கட்டு பின்னே சுண்டுவதும் ஏறக்குறைய ஒரே கணத்தில் நிகழ வேண்டும். சுண்டல் முந்தினால் பம்பரம் சாட்டையோடு திரும்பி வந்து முழங்காலைப் பதம் பார்க்கும். பிந்தினால் சுழலாமல் கல்லைப்போல் போய் விழும். இந்தக் கணத்தைச் சொல்லிக் கொடுக்க முடியாது. தவறித் தவறி மணிக்கட்டே கற்றுக்கொள்ள வேண்டும்.

இங்கேதான் பெரியவர்களுக்குரிய முதல் பயன் இருக்கிறது. நான் கணக்குத் தணிக்கை வேலை செய்கிறவன். இன்று நான் எழுதும் ஒரு குறிப்பு சரியா தவறா என்பது சில மாதங்கள் கழித்துத் தெரியலாம், தெரியாமலே போகலாம், தெரிந்தாலும் அது என்னுடைய திறமையா, மேலதிகாரியின் மனநிலையா என்று பிரித்தறிய முடியாது. நடுவயதில் நம்மில் பலருடைய வேலையும் இப்படித்தான் இருக்கிறது. பம்பரமோ ஒரு நொடியில் பதில் சொல்லிவிடுகிறது. அந்தப் பதிலில் முகத்தாட்சணியம் இல்லை, பழிவாங்கலும் இல்லை. தவறினால் எதையும் இழப்பதில்லை, சாட்டையை மறுபடியும் சுற்றினால் போதும். தவறு செய்வதற்கு இத்தனை மலிவான இடம் வளர்ந்தவர்களுக்கு வேறெங்கும் எளிதில் வாய்ப்பதில்லை. பள்ளியிலும் அலுவலகத்திலும் தவறுக்கு விலை வைத்து வைத்து, புதிதாக ஒன்றைக் கற்றுக்கொள்ளும் பழக்கத்தையே பலர் விட்டுவிட்டார்கள் என்பது என் எண்ணம்.

இரண்டாவது பயன் பம்பரம் தரையில் நின்ற பிறகு தொடங்குகிறது. இதைத்தான் சிறுவயதில் நான் தவறவிட்டேன். நன்றாக வீசப்பட்ட பம்பரம் முதலில் சாய்ந்தபடி ஒரு வட்டம் அடிக்கும். பிறகு மெல்ல நிமிர்ந்து, அசைவே தெரியாமல் ஓரிடத்தில் நின்று உறங்கும். வேகம் குறையக் குறையத் தலை சுற்றத் தொடங்கும். கடைசியில் வயிறு தரையில் உரசி, உருண்டு ஓடி அடங்கும். இந்த நான்கு நிலைகளுக்கும் நான்கு கேள்விகள் இருக்கின்றன. பத்து வயதில் இக்கேள்விகள் எழவில்லை. எழுந்திருந்தாலும் பதிலைப் புரிந்துகொள்ளும் தெம்பு அப்போது இருந்திருக்காது.

சாய்ந்த பம்பரம் ஏன் விழவில்லை? அதன் எடை அதைப் பக்கவாட்டில் கவிழ்க்கப் பார்ப்பது உண்மைதான். ஆனால் வேகமாகச் சுழலும் பொருளுக்கு, சுழற்சியைத் தக்கவைக்கும் கோண உந்தம் என்ற ஒன்று அதன் அச்சின் திசையில் ஏற்கெனவே இருக்கிறது. ஈர்ப்பின் திருப்புவிசை அந்த உந்தத்தோடு சேரும்போது அச்சு கீழே சாய்வதற்குப் பதிலாகப் பக்கவாட்டில் நகர்கிறது. நகர்ந்த இடத்திலும் அதே கதை தொடர்வதால் அச்சு ஒரு கூம்பு வரைந்தபடி சுற்றி வருகிறது. சுழற்சி வேகமாக இருக்கும்போது இந்தத் தலைச்சுற்றல் மெதுவாகவும், சுழற்சி தளரும்போது வேகமாகவும் இருக்கும். சோர்ந்துபோகிற பம்பரம் ஏன் கடைசியில் அவசர அவசரமாகத் தலையாட்டுகிறது என்பதற்கு இதுவே விடை. சாய்ந்து இறங்கிய பம்பரம் நிமிர்வதற்குக் காரணம் ஆணியின் முனை. அது மழுங்கி உருண்டையாக இருந்தால், தரையில் சறுக்கி உராயும்போது எழும் விசை அச்சை மெல்ல மெல்ல நிமிர்த்திவிடுகிறது. சிறுவர்கள் புது ஆணியைக் கல்லில் தேய்த்து மழுக்குவார்கள். காரணம் தெரியாமல் செய்த அந்தக் காரியத்தில் எத்தனை இயற்பியல் இருந்திருக்கிறது என்று இப்போது வியப்பாக இருக்கிறது.

இன்னும் ஒரு படி போனால் பம்பரம் வானத்துக்குக் கொண்டுபோகும். பூமியும் ஒரு பம்பரம்; சுமார் 23.5 பாகை சாய்ந்து சுழலும் அதன் அச்சும் கூம்பு வரைகிறது. ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 26,000 ஆண்டுகள் ஆகும். நடுப்பகுதி சற்றே புடைத்த பூமியைச் சந்திரனும் சூரியனும் ஈர்ப்பதால் இது நிகழ்கிறது என்று 1687இல் நியூட்டன் விளக்கினார். மரப் பம்பரத்தை ஈர்ப்பு கவிழ்க்கப் பார்க்கிறது, பூமியின் அச்சையோ சந்திரனும் சூரியனும் நிமிர்த்தப் பார்க்கின்றன; அதனால் பூமியின் தலைச்சுற்றல் அதன் சுழற்சிக்கு எதிர்த்திசையில் நடக்கிறது. இன்றைய துருவ நட்சத்திரம் அந்தப் பதவியில் நிரந்தரமாக இருக்கப்போவதில்லை. சுமார் 12,000 ஆண்டுகளுக்குப் பிறகு அபிஜித் (வேகா) என்ற நட்சத்திரம் வடதுருவத்தை ஒட்டி வந்திருக்கும். நம் வீட்டுப் பஞ்சாங்கத்திலும் இதன் தடம் உண்டு. இரவும் பகலும் சமமாகும் நாள் மார்ச் 20 அல்லது 21இல் வருகிறது, சித்திரை முதல் நாளோ ஏப்ரல் 14இல் பிறக்கிறது. நம் ஆண்டு நட்சத்திரங்களை ஒட்டிக் கணக்கிடப்படுவதால், பூமிப் பம்பரத்தின் தலைச்சுற்றல் ஒரு காலத்தில் ஒன்றாக இருந்த இவ்விரண்டையும் ஏறக்குறைய 72 ஆண்டுகளுக்கு ஒரு பாகை வீதம் விலக்கிக்கொண்டே வந்திருக்கிறது. திருக்கணிதப் பஞ்சாங்கக்காரர்கள் அயனாம்சம் என்று கழிக்கும் சுமார் 24 பாகை இதுதான். மொட்டைமாடியில் ஒரு மரத்துண்டு தள்ளாடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தவன் புத்தாண்டு ஏன் ஏப்ரலில் வருகிறது என்பது வரை போய்விட்டான் என்றால், அந்தப் பயணத்துக்கு நாற்பது வயதின் பொறுமை தேவைப்பட்டது.

பெரிய மனிதர்களுக்கும் இந்த மயக்கம் இருந்திருக்கிறது. 1951இல் சுவீடனின் லுண்ட் நகரில் இயற்பியல் நிறுவனம் ஒன்றின் திறப்பு விழாவில் எடுத்த புகைப்படம் ஒன்றில், இயற்பியலாளர்கள் நீல்ஸ் போரும் வூல்ஃப்காங் பவுலியும் தரையை நோக்கிக் குனிந்து நிற்கிறார்கள். இருவருமே நோபல் பரிசு பெற்றவர்கள். போர் அறுபத்தைந்தைத் தாண்டியவர், பவுலி ஐம்பதைத் தாண்டியவர். கால்களுக்கிடையில் சுழல்வது ஒரு சிறு பம்பரம். உருண்டை உடலும் மேலே குட்டைக் காம்பும் கொண்ட அந்த வகைப் பம்பரத்தைச் சுழற்றிவிட்டால், சில நொடிகளில் தானே தலைகீழாகிக் காம்பின் மீது நின்று சுழலும். கனமான பகுதி கீழிருந்து மேலே ஏறுவதால் பார்ப்பதற்கு இயற்கையை மீறியதுபோலத் தோன்றும். தரையின் உராய்வுதான் அதைப் புரட்டுகிறது, மேலே ஏறுவதற்கான ஆற்றல் சுழற்சியிலிருந்தே எடுக்கப்படுகிறது. எலக்ட்ரானின் தற்சுழற்சியைக் கணிதத்தில் வடித்தவர்களுள் ஒருவரான பவுலி, ஒரு கடைப் பொம்மை சுழல்வதைப் பார்க்கத் தம் கனத்த உடலை வளைத்து நிற்கிறார். இருவர் முகத்திலும் ஏக்கத்தின் சாயல் கொஞ்சமும் கிடையாது. தமக்குப் பாதி தெரிந்த, பாதி தெரியாத ஒன்றைப் பார்க்கிறவர்களின் முகம் அது.

இதைப் படித்துவிட்டு, பம்பரம் விட்டால் அறிவு வளரும் என்று யாரும் வாங்கிவிட வேண்டாம். பயனை எதிர்பார்த்து விடும் பம்பரம் இன்னொரு வேலையாகிவிடும். மன அழுத்தம் தீர்க்கும் கருவி என்று விற்கப்படும் பொருள்களின் மேல் எனக்கு நம்பிக்கை வராததற்கு இதுவும் ஒரு காரணம். 2017இல் உலகம் முழுவதும் ஃபிட்ஜெட் ஸ்பின்னர் என்ற மூன்று கைச் சுழலி விற்றுத் தீர்ந்தது. அடுத்த ஆண்டு அதைத் தேடுவாரில்லை. அதில் பால் பேரிங் எல்லாவற்றையும் செய்துவிடுகிறது, விரல் செய்வதற்கு ஒன்றுமில்லை. முதல் நாளிலேயே அனைவருக்கும் சுழல்கிறது. நூறாவது நாளிலும் அப்படியே சுழல்கிறது. கைக்கு எதையும் கேட்காத பொருள் மனத்துக்கு எதையும் கொடுப்பதில்லை என்பது என் அனுபவம். மாறுபட்ட அனுபவம் உள்ளவர்கள் இருக்கலாம், அவர்களோடு சண்டையில்லை.

பம்பரத்தில் எனக்குப் பிடித்த இன்னொரு குணம், அது தானாகவே முடிந்துவிடுவது. வேலைக்கு நடுவே ஐந்து நிமிடம் ஓய்வு என்று கைப்பேசியை எடுத்தால், அந்த ஐந்து நிமிடத்துக்கு எல்லை கிடையாது. திரையை விரலால் தள்ளத் தள்ள அடுத்தது வந்துகொண்டேயிருக்கும்படிதான் அதை அமைத்திருக்கிறார்கள். பம்பரத்தின் சுழற்சிக்கு உள்ளேயே அதன் முடிவும் இருக்கிறது. என் கையில் அது ஒரு நிமிடத்துக்குமேல் நிற்பதில்லை. அது விழுந்ததும் மறுபடியும் சாட்டை சுற்றுவதா, மேசைக்குத் திரும்புவதா என்று நானே முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. பெரும்பாலும் திரும்பிவிடுகிறேன். கணக்கில் எங்கோ இடித்துக்கொண்டிருந்த ஓர் எண், அந்த இடைவெளியில் சில சமயம் தானே பிடிபட்டுவிடும். எப்போதும் என்று சொல்லமாட்டேன்.

கையும் கண்ணும் சேர்ந்து பழகும் ஆட்டங்கள் மூளையில் ஏதாவது செய்கின்றனவா என்று கேட்பவர்களுக்கு, ஜெர்மனியில் நடந்த ஓர் ஆய்வு சற்றே பதில் சொல்கிறது. 2004இல் வெளியான அந்த ஆய்வில் 24 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியினரை மட்டும் மூன்று மாதம் மூன்று பந்துகளை மாற்றி மாற்றி எறிந்து பிடிக்கப் பழகச் சொன்னார்கள். பழகியவர்களின் மூளையில், அசையும் பொருளைக் கண்ணால் தொடர உதவும் பகுதியில் சாம்பல்நிறப் பொருள் கூடியிருந்தது. பழக்கத்தை விட்ட அடுத்த மூன்று மாதத்தில் அந்தக் கூடுதல் குறைந்தும்போனது. பின்னர் 2008இல் அறுபது வயதையொட்டியவர்களிடம் இதையே செய்து பார்த்தார்கள். இளைஞர்களைப்போல் அத்தனை பேருக்கும் ஆட்டம் கைவரவில்லை என்றாலும், கற்றுக்கொண்டவர்களின் மூளையிலும் மாற்றம் தெரிந்தது. இந்த ஆய்வுகள் பம்பரத்தைப் பற்றியவை அல்ல, சிறிய ஆய்வுகளும்கூட. ஆகவே இவற்றின்மேல் கோட்டை கட்ட நான் தயாரில்லை. வயது போன மூளைக்குள் புதிய பழக்கம் ஏறாது என்ற பேச்சை மட்டும் இவை கொஞ்சம் அசைத்துப் பார்க்கின்றன.

எறிந்து பிடிக்கும் ஆட்டம் நமக்குப் புதியதும் அல்ல, சிறுவர்களுக்கு மட்டும் உரியதாக இருந்ததும் அல்ல. அம்மானை பெண்கள் பாடிக்கொண்டே காய்களை மேலே எறிந்து பிடித்த ஆட்டம். மாணிக்கவாசகர் அந்த ஆட்டத்துக்கான பாட்டு வடிவத்தையே எடுத்துக்கொண்டு இருபது பாடல்கள் பாடியிருக்கிறார். பாட்டின் தாளம் கைக்கு நேரம் காட்டும், கை தவறினால் பாட்டும் தடுமாறும். மூன்று எலுமிச்சம்பழங்களோடு இதை முயன்றபோது எனக்கு விளங்கியது ஒன்றுதான்: எறிகிற கையைப் பார்க்கக் கூடாது, பழம் உச்சிக்குப் போய்த் திரும்பும் இடத்தைப் பார்க்க வேண்டும். தகவல் கோட்பாட்டைத் தந்த கிளாட் ஷானன் இந்த ஆட்டத்தில் பைத்தியமாக இருந்தார். பெல் ஆய்வகத்தின் தாழ்வாரத்தில் ஒற்றைச் சக்கர வண்டி ஓட்டிக்கொண்டே பந்து எறிந்தவர், பின்னாளில் பந்தின் எண்ணிக்கைக்கும் கையின் எண்ணிக்கைக்கும் காற்றில் இருக்கும் நேரத்துக்கும் உள்ள உறவை ஒரு சமன்பாடாகவே எழுதிவைத்தார். எங்கள் வீட்டில் எலுமிச்சம்பழங்கள் கடைசியில் ஊறுகாய்க்குப் போயின.

தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மையைப் பற்றியும் ஒரு சொல். என் மேசையில் இருக்கும் ராஜா பொம்மை அடிப்பாகம் கனமான அரைவட்ட உருண்டையாகவும் மேல்பாகம் இலேசான காகிதக் கூழாகவும் செய்யப்பட்டது. எப்படித் தள்ளினாலும் நிமிர்ந்துவிடும். நீண்ட தொலைபேசி அழைப்புகளில் அதைத் தட்டிக்கொண்டிருப்பது நல்ல துணை. ஆனால் அது கொலுவுக்கும் அலமாரிக்கும் உகந்த பொருள். பம்பரத்தைப்போல் உங்களிடம் திறமை எதையும் கேட்பதில்லை என்பதால் அதோடு உறவு அவ்வளவில் நின்றுவிடுகிறது.

மொட்டைமாடியில் நான் தனியாக விட்ட காலம் சீக்கிரமே முடிந்துவிட்டது. துணி காயப்போட வந்த எதிர்வீட்டு அக்கா ஒருநாள் “கொடுங்க தம்பி, பார்ப்போம்” என்று வாங்கி, முதல் வீச்சிலேயே பம்பரத்தைத் தரை தொடாமல் சுண்டி உள்ளங்கையில் இறக்கிக் காட்டினார். அண்ணன்மார்களோடு போட்டியிட்டுக் கற்றதாம். அறுபதை நெருங்கும் அவரோடு அதுவரை தண்ணீர் லாரியைப் பற்றி மட்டுமே பேசியிருந்தேன். பிறகு இரண்டாம் தளத்து ஓய்வுபெற்ற ஆசிரியர் வந்தார். அவர் விடுவதில்லை, மற்றவர்களின் சாட்டைச் சுற்றில் குறை கண்டுபிடிப்பார். பெரியவர்கள் ஒன்றுகூட அரசியலோ உடல்நலமோ நிலத்தின் விலையோதான் பொருளாக வேண்டும் என்ற கட்டாயம் அங்கே தளர்ந்துவிட்டது. யார் வென்றார் என்ற கணக்கும் கிடையாது. யாருடைய பம்பரம் நன்றாக உறங்குகிறது என்று எல்லாருமே குனிந்து பார்க்கிறோம்.

வாங்க நினைப்பவர்களுக்குச் சில குறிப்புகள். பிளாஸ்டிக் பம்பரத்தைத் தவிர்த்து, கைக்குக் கனமாகத் தெரியும் கடைசல் மரத்தையே கேட்டு வாங்குங்கள். ஆணி நடுவில் இறங்கியிருக்கிறதா என்று விரல்களால் சுழற்றிப் பாருங்கள். கோணல் ஆணி உள்ள பம்பரம் கரகரவென்று குதித்துக்கொண்டேயிருக்கும், உறங்காது. கூரான முனையைச் சிமெண்டுத் தரையில் தேய்த்து மழுக்கிவிடுங்கள். நைலான் கயிறு வழுக்கும்; முறுக்கிய பருத்திச் சாட்டை, அதுவும் சற்றே ஈரப்படுத்தியது, நன்றாகப் பிடிக்கும். தோளில் வலி உள்ளவர்கள் ஓங்கி வீசாமல், இடுப்பளவில் கையை வைத்து மணிக்கட்டால் மட்டும் சுண்டிப் பழகலாம். டைல்ஸ் தரையில் விடவே கூடாது, ஆணி டைல்ஸைப் பெயர்த்துவிடும். எதிரில் ஆட்களோ கண்ணாடியோ இல்லாத சிமெண்டுத் தளமே உத்தமம். மாடியில் விடுவதானால் மதியம் இரண்டிலிருந்து நான்கு வரை வேண்டாம், கீழ்வீட்டில் உறங்குகிறவர்கள் இருப்பார்கள்.